கருகிய காயில் குற்றவாளி அல்ல: பழைய பின்பால் எந்திரத்தை வீட்டிலேயே சரிசெய்வது

பின்பால் என்பது, சாய்ந்த பலகையில் உருளும் எஃகுக் குண்டைக் கீழே விழாமல் அடித்து ஆடும் விளையாட்டு. பழைய பின்பால் எந்திரத்தின் ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தினால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு கருகிய காயில்தான், அதாவது பாகங்களை அசைக்கும் மின்காந்தக் கம்பிச்சுருள். சுற்றியிருக்கும் காகிதம் பழுப்பேறியிருக்கும். உள்ளே இருக்கும் நைலான் குழல் உருகி, பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும். காயிலை மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். மாற்றி சுவிட்சைப் போட்டால் புதிய காயிலும் கொஞ்ச நேரத்தில் புகையத் தொடங்கும்.

ஏன் என்று பார்க்க, 1970களின் இறுதியில் வந்த எந்திரங்களில் குண்டைத் தட்டித் துள்ளவிடும் பம்பரின் காயில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். காயிலின் ஒரு முனைக்கு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். மறுமுனையை, மின்னணுச் சுவிட்சான ஒரு டிரான்சிஸ்டர் கணநேரம் எர்த்தோடு இணைத்துவிட்டு விடுவிக்கும். விடுவித்த அந்த நொடியில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, நூற்றுக்கணக்கான வோல்ட் எதிர்த் தாக்காகத் திரும்பி வரும். அதை விழுங்கத்தான் காயிலின் இரு காதுகளுக்கும் (வயர் இணைக்கும் முனைகள்) குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் 1என்4004 என்ற சின்ன டையோடு ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. காயில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த டையோடின் கால் அதிர்கிறது. பல ஆயிரம் ஆட்டங்களுக்குப் பிறகு ஒருநாள் கால் ஒடிகிறது. எதிர்த் தாக்கு இப்போது நேராக டிரான்சிஸ்டரில் இறங்கி, அதை ஷார்ட் ஆக்குகிறது. ஷார்ட்டான டிரான்சிஸ்டர் காயிலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. கணநேர அடிக்காகச் செய்த காயில் தொடர்ந்து மின்சாரம் ஏறிக் கருகுகிறது. வழியில் இருக்கும் ஃபியூஸ் எரிந்து இதைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் யாரோ ஒருவர் "அடிக்கடி போகிறது" என்று பெரிய ஃபியூஸைப் போட்டிருப்பார்.

ஆக, காயில் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. பழைய பின்பாலில் வரும் பெரும்பாலான பழுதுகள் இந்த மாதிரிதான். ஒடிந்த கால், அழுக்கேறிய தொடுமுனை, கசிந்த பேட்டரி என்று எங்கோ ஒரு சிறிய பொருளில் தொடங்கி, விலை உயர்ந்த பொருளில் போய் முடியும். கருகியதை மட்டும் மாற்றுகிறவர் அதையே மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருப்பார்.

இந்த எந்திரங்களின் பிறப்பும் இதற்கு ஒரு காரணம். பின்பாலின் தலைநகரம் சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் மூன்றும் அங்கிருந்தவைதாம். 1947இல் காட்லீப் வெளியிட்ட ஹம்ப்டி டம்ப்டியில்தான் குண்டை அடிக்கும் மட்டைகளான ஃபிளிப்பர்கள், மின்சாரத்தில் இயங்குபவையாக முதன்முதலாக வந்தன. மதுக்கடையிலும் பந்துவீச்சுக் கூடத்திலும் நாணயம் வாங்கிச் சம்பாதிக்கச் செய்த பெட்டிகள் இவை. சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்பதே கணக்கு. வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் மெக்கானிக்கை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள். ஆட்டப் பலகை கீல் போட்டுத் தூக்க வரும், மின்சுற்று வரைபடம் எந்திரத்தோடே வரும், பாகங்களில் எண் அச்சிட்டிருக்கும். வீட்டில் இருந்தே சரிசெய்ய முடிவதற்கு இந்த நல்ல வடிவமைப்புதான் காரணம். ஆனால் இன்று அவற்றுக்கு வயது நாற்பது, ஐம்பது. ஆடித் தேய்ந்ததைவிடச் சும்மா நின்று கெட்டதும் அவசரக் கைகளில் கெட்டதும்தான் அதிகம்.

உதாரணத்துக்கு 1977இல் வந்த பாலியின் 'எயிட் பால்' எந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. மைக்ரோபிராசசர் என்ற கணினிச் சிப் உள்ள மின்சுற்றுப் பலகையோடு வந்த தொடக்ககால எந்திரங்களில் ஒன்று. அதே பலகையும் அதன் அடுத்த வடிவமும் பாலியின் பல எந்திரங்களில் இருப்பதால், ஒன்றைக் கற்றால் பலதுக்கும் உதவும்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன்

கிடங்கிலிருந்து வந்த எந்திரத்தை உடனே மின்சாரத்தில் போடக் கூடாது. முதலில் ஃபியூஸ்கள். ஒவ்வொன்றையும் கழற்றி அதன் முனையில் பொறித்திருக்கும் ஆம்பியரைப் படித்து, எந்திரத்தில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்லோ-புளோ (மெதுவாக எரிவது) என்று போட்டிருந்தால் அதுவே வேண்டும். அதிக ஆம்பியர் ஃபியூஸ் கண்டால் சந்தோஷப்படலாம், ஏனென்றால் பழுது எந்தச் சுற்றில் என்று யாரோ நமக்கு அடையாளம் வைத்துப் போயிருக்கிறார். எரிந்த ஃபியூஸின் கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். உள்பக்கம் வெள்ளியும் கறுப்புமாகப் பூச்சடித்தது போல் இருந்தால் கடுமையான ஷார்ட். கம்பி மட்டும் நடுவில் மெல்ல அறுந்திருந்தால் நீண்டநாள் மிகைச் சுமை அல்லது வயது.

அடுத்து மின்வயர். இரண்டு முனை பிளக் இருந்தால் எர்த் சேர்ந்த மூன்று முனை வயராக மாற்றி, எர்த்தைப் பெட்டியின் உலோகப் பாகங்களோடு இணைப்பது அவசியம். இந்தியா, சிங்கப்பூர், இங்கிலாந்து போன்ற 230 வோல்ட் நாடுகளில் இன்னொரு வேலையும் உண்டு. பாலியின் டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதல் வோல்ட்டுக்கான முனைகள் இருக்கின்றன. இணைப்பு எந்த முனையில் இருக்கிறது என்று பார்க்காமல் சொருகினால் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் போய்விடும்.

மூன்றாவது, எந்திரத்தின் பின்னால் உயர்ந்து நிற்கும் பின்பெட்டியில் இருக்கும் பேட்டரி. எந்திரத்தின் மூளையான பலகையில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்தால் வெளிவருவது காரம். பச்சைக் களிம்பும் சாம்பல் நிறப் பொருக்குமாகச் செம்புத் தடங்களில் ஊர்ந்து, அருகில் உள்ள ரீசெட் பகுதியையும் கனெக்டர் முள்களையும் சிப் சாக்கெட்டுகளையும் அரித்துவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, சுத்தத் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி முழுதும் காயவிட வேண்டும். வினிகர் காரத்தை முறிப்பதற்கு மட்டுந்தான். அரிபட்ட பாகங்களைக் கழற்றி, தடத்தை நுண்ணிய உப்புத்தாளால் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை தேய்க்காமல் போனால் ஈயம் ஒட்டாது. ஒட்டியது போல் தெரிந்தாலும் அடியில் அரிப்பு தொடரும்.

அதே இடத்தில் இன்னொரு பேட்டரி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாலியில் ஆட்ட விதிகளின் தேர்வு பலகையிலுள்ள 32 சிறு சுவிட்சுகளில் இருக்கிறது. பேட்டரி காப்பது உச்ச ஸ்கோர் போன்ற சிலவற்றைத்தான், அது இல்லாமலும் எந்திரம் நன்றாகவே ஓடும். ஸ்கோர் நினைவில் நிற்க வேண்டுமென்றால், பேட்டரியே வேண்டாத நினைவகச் சிப்பை, 5101 என்ற பழைய நினைவகச் சிப்பின் இடத்தில் பொருத்தலாம். அல்லது மூன்று ஏஏ செல்களைப் பலகைக்கு வெளியே, பெட்டியின் அடியில் தொங்கவிட்டு வயர் இழுக்கலாம். சாதாரண செல் போட்டால் வழியில் ஒரு டையோடு கட்டாயம். இல்லையென்றால் பலகை அதை சார்ஜ் செய்யப் பார்க்கும்.

ஏழு மின்னல்

ஆட்டப் பலகைக்கு அடியில், காயில்களுக்கென்று இருக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே முதன்முறை மின்சாரம் கொடுக்கலாம். ஷார்ட்டான டிரான்சிஸ்டர் எங்காவது இருந்தாலும் காயில் தப்பிக்கும். 5 வோல்ட் வழியை மல்டிமீட்டரில் அளந்தால் 4.9க்கும் 5.2க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தாலோ அலைந்தாலோ, அந்த 5 வோல்ட்டைத் தந்து காயில்களையும் இயக்கும் பலகையில் இருக்கும் பெரிய வடிகட்டிக் கேபாசிட்டரை முதலில் சந்தேகிக்க வேண்டும். அசல் 11,700 மைக்ரோஃபாரட், 20 வோல்ட். 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போட்டால் நல்லது. அதே பலகையில் எண்காட்டிகளுக்காக 190 வோல்ட் உற்பத்தியாகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது கேபாசிட்டரில் சிறிது நேரம் தங்கியிருக்கும், கை வைக்கும் முன் அளந்து பார்க்க வேண்டும்.

மூளைப் பலகையில் சிறிய எல்இடி ஒன்று உண்டு. மின்சாரம் வந்ததும் அது கண நேரம் மினுக்கி, பிறகு ஏழு முறை மின்னும். நோயாளி தானே வாய்திறந்து சொல்வது போன்ற ஏற்பாடு இது. முதல் மின்னல் வந்தால் நிரல் சிப்கள் நலம். இரண்டாவது 6810 நினைவகம், மூன்றாவது 5101 நினைவகம், நான்கும் ஐந்தும் யூ10, யூ11 என்ற இரண்டு இடைமுகச் சிப்கள், ஆறாவது எண்காட்டிகளுக்கான நேரத் துடிப்பு. ஏழாவது, காயில்களின் 43 வோல்ட் வழியிலிருந்து வரும் துடிப்பு. எத்தனை மின்னலோடு நிற்கிறதோ, அடுத்ததில்தான் பழுது. ஆறோடு நின்றால் பலரும் சிப்பைக் கழற்றத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர் பலகையில் 43 வோல்ட் ஃபியூஸ் எரியாமல் இருக்கிறதா என்று பார்த்தால் பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும். மினுக்கலே இல்லாமல் எல்இடி விடாமல் எரிந்தால், பேட்டரி அரித்த ரீசெட் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஏழும் வந்துவிட்டால் நாணயக் கதவுக்கு உள்பக்கம் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தலாம். விளக்குகள், எண்காட்டிகள், காயில்கள் என்று வரிசையாகச் சோதித்துக் காட்டி, முடிவில் மூடியே கிடக்கும் சுவிட்சின் எண்ணைச் சொல்லும். சிக்கிய சுவிட்சின் தகடுகள் நன்றாக விலகியிருந்தும் எந்திரம் "மூடியிருக்கிறது" என்று அடம்பிடித்தால், அதன் மேல் சால்டர் செய்த வட்ட வடிவச் சின்னக் கேபாசிட்டரைப் பார்க்க வேண்டும். குண்டு வேகமாகத் தட்டிச் செல்லும் சுவிட்சுகளில் பாலி அதை வைத்திருக்கிறது. அது ஷார்ட்டானால் சுவிட்ச் எப்போதும் மூடியதாகவே தெரியும். ஒரு காலை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காயில் ஃபியூஸைத் திரும்பப் போடும் முன் டிரான்சிஸ்டர்களைச் சோதிப்பது அரைமணி நேர வேலை. மின்சாரத்தை நிறுத்தி, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, கறுப்பு முனையை டிரான்சிஸ்டரின் உலோகத் தகட்டிலும் சிவப்பை ஓரக் கால்களிலும் மாறிமாறி வைத்தால் 0.4 முதல் 0.6 வரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது போய்விட்டது. மாற்றாக டிஐபி102 போடலாம். காயிலின் மின்தடையை, அதே எந்திரத்தில் உள்ள அதே எண் காயிலோடு ஒப்பிட்டால் போதும். 2 ஓமுக்குக் கீழே இறங்கினால் உள்சுற்றுகள் உருகி ஒட்டியிருக்கின்றன. புதிய டையோடு பொருத்தும்போது, பட்டைக் கோடு போட்ட முனை மின்சாரம் வரும் காதுக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் அடியிலேயே டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஃபிளிப்பர்

ஆட்டத்தின் உயிர் ஃபிளிப்பரில் இருக்கிறது. அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது தகும்.

அக்காலப் பாலி ஃபிளிப்பர் காயில் ஒன்றின் எண் ஏக்யூ-25-500/34-4500. எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. 25ஆம் கேஜ் கம்பி 500 சுற்று, அதோடு 34ஆம் கேஜ் கம்பி 4,500 சுற்று. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. முதல் சுற்று தடித்தது, மின்தடை குறைவு, பலம் அதிகம். குண்டை மேலே அடிப்பது அதுதான். 43 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் ஃபிளிப்பரைத் தூக்கி நிறுத்துவதற்கு அவ்வளவு பலம் வேண்டாம், மெல்லிய சுற்று போதும். இரண்டுக்கும் இடையில் கைமாற்றிவிடுவது 'எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக்' சுவிட்ச். ஃபிளிப்பர் உச்சிக்குப் போகும் வரை அது மூடியிருந்து மெல்லிய சுற்றை ஒதுக்கிவைக்கிறது. உச்சியில் திறந்து, மெல்லிய சுற்றையும் வழியில் சேர்க்கிறது.

இந்த ஒரு சுவிட்ச் கெடும் விதத்தைப் பார்த்தாலே ஃபிளிப்பரின் நோய் தெரிந்துவிடும். தொடுமுனை அழுக்காகிச் சரியாக மூடவில்லை என்றால், மெல்லிய சுற்று முதலிலிருந்தே வழியில் நிற்கும். ஃபிளிப்பர் சோர்ந்து எழும், குண்டு ஆட்டப் பலகையின் உச்சியை எட்டாது. உச்சியில் திறக்கவில்லை என்றால் பலம் குறையாது, ஆனால் பொத்தானைப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் தடித்த சுற்று 10 ஆம்பியரில் கொதித்துக் கருகும். மெல்லிய சுற்றின் கம்பி காதருகே அறுந்திருந்தால், பொத்தானைப் பிடித்தவுடன் ஃபிளிப்பர் படபடவென்று அடித்துக்கொள்ளும். எழும், சுவிட்ச் திறக்கும், தாங்க எதுவும் இல்லாமல் விழும், மறுபடி எழும். பெரும்பாலும் அறுந்த நுனியைத் தேடி வார்னிஷைச் சுரண்டி மறுபடி சால்டர் செய்தாலே போதும்.

சுவிட்சைச் சரிசெய்ய, பிளஞ்சரைக் கையால் முழுதும் உள்ளே தள்ளிப் பிடித்து, அந்த நிலையில் தொடுமுனைகளுக்கு இடையே 1.5 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி தகட்டை அதன் அடிப்பகுதியில் வளைக்க வேண்டும். முனை டங்ஸ்டன். நுண்ணிய அரத்தால் தேய்த்துக் கறுப்பை எடுக்கலாம், சமதளமாக்கலாம். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பொத்தான் சுவிட்சுக்கும் இதே வைத்தியம், ஏனென்றால் இந்தக் காலத்து எந்திரங்களில் அந்த 43 வோல்ட் முழுக்க அதன் வழியாகவே போகிறது. ஆனால் ஆட்டப் பலகையின் மற்றச் சுவிட்சுகளை அரம் கொண்டு தொடவே கூடாது. அவற்றில் தங்க முலாம். தேய்த்தால் முலாம் போய், அடியிலுள்ள உலோகம் களிம்பேறும். முகவரி அட்டை போன்ற ஒரு கெட்டிக் காகிதத்தை ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல அழுத்தியபடி இழுத்தெடுத்தால் போதும்.

மின்சாரம் சரியாக இருந்தும் ஃபிளிப்பர் சோர்ந்தால் தேய்மானம்தான் காரணம். பிளஞ்சரின் நுனி, அதைத் தடுத்து நிறுத்தும் காயில் ஸ்டாப்பில் ஆயிரக்கணக்கான முறை மோதிக் காளான் குடை போல் விரிந்து நைலான் குழலுக்குள் உரசும். பிளஞ்சரும் இணைப்பும், குழல், காயில் ஸ்டாப், ஃபிளிப்பர் தண்டு சுழலும் உறையான புஷ்ஷிங், ஸ்பிரிங், சுவிட்ச் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒருசேர மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தின்றுவிடும். மறுபடி பூட்டும்போது, ஃபிளிப்பர் தண்டு மேலும் கீழும் 0.8 மி.மீ. அளவு ஆட இடம் விட வேண்டும். இறுக்கிவிட்டால் புஷ்ஷிங்கில் பிடித்துக்கொள்ளும். குழலுக்குள் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சூட்டில் அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துருநீக்கி ஸ்பிரேயை பின்பாலில் எங்குமே அடிக்கக் கூடாது. அது தீப்பற்றும், தொடுமுனைகளோ பொறி விடுபவை.

கனெக்டரும் பல்பும்

பின்பெட்டியின் முன்னால் உள்ள ஓவியக் கண்ணாடியான பின்கண்ணாடிக்கும் ஆட்டப் பலகைக்கும் தொடர்ந்து ஒளி தரும் பல்புகள் 6.3 வோல்ட். 44 என்ற எண்ணுள்ள பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் இழுக்கும், 47 இழுப்பது 0.15. நாற்பது பல்பு என்று வைத்துக்கொண்டால் 10 ஆம்பியர் எங்கே, 6 எங்கே! அந்தக் கூடுதல் எல்லாம் ரெக்டிஃபயர் பலகையின் சில கனெக்டர் முள்கள் வழியாகத்தான் போகிறது. முள் சற்று லூசானால் சூடாகும். சூட்டில் ஸ்பிரிங் தன்மை போய் இன்னும் லூசாகும். கடைசியில் பிளாஸ்டிக் கருகும். கருகிய கனெக்டரில் வயர் பக்கத்துப் பெண் முனையை மட்டும் மாற்றுவது அரைவேலை. பலகையிலுள்ள முள்களையும் மாற்றி, நல்ல கிரிம்பிங் குறடால் புதிய முனைகளைப் பிடிக்க வேண்டும். பல்பு எல்லாவற்றையும் 47 ஆகவோ எல்இடியாகவோ மாற்றுவது, கனெக்டரோடு பின்கண்ணாடியின் ஓவியத்தையும் காப்பாற்றும்.

சிப் இல்லாத எந்திரம்

அதற்கும் முந்தைய எந்திரங்களில் சிப்பும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே, படிப்படியாய் நகரும் ஸ்டெப்பர், சுழலும் ஸ்கோர் உருளை, இவற்றை நடத்தும் ஸ்கோர் மோட்டார், அவ்வளவுதான். பார்த்தால் தேன்கூடு போல் மிரட்டும். ஆனால் ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரிவதால் பொறுமை உள்ளவருக்கு இதுதான் எளிது. அடிக்கடி வரும் ஒரு பழுது: ஆட்டத்தைத் தொடங்கினால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், நிற்காது. ஸ்கோர் உருளைகள் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்தால்தான் தொடக்கச் சுற்று முடியும். ஏதோ ஓர் உருளை வந்து சேரவில்லை, அல்லது வந்தும் அதன் பூஜ்யச் சுவிட்ச் நிலை மாறவில்லை. பின்பெட்டியைத் திறந்து ஒவ்வோர் உருளையாகக் கையால் நகர்த்திப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் மெழுகு போல் இறுகிப்போயிருக்கும். பிரித்துத் துடைத்து, உலோகம் உரசும் இடத்தில் மட்டும் மெல்லியதாகப் புதிய கிரீஸ் வைக்கலாம். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் சற்று மெதுவாகச் சுற்றும், அது பழுதல்ல.

மரமும் கண்ணாடியும்

ஆட்டப் பலகை என்பது பிளைவுட்டின் மேல் அச்சிட்ட ஓவியம், அதன் மேல் மெல்லிய வார்னிஷ். அந்த வார்னிஷைத் தேய்ப்பது பெரும்பாலும் குண்டுதான். 27 மி.மீ. விட்டம், 80 கிராம் எடை. கீறல் விழுந்த குண்டு உப்புத்தாளுக்குச் சமம், புதிய குண்டின் விலையோ மிகக் குறைவு. குண்டை வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கினால் மாற்றிவிடலாம்.

தண்ணீர் விட்டுத் துடைத்தால் மரம் ஊறி ஓவியம் எழும்பிவிடும். நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்த மென்துணியால் பழைய மெழுகையும் கரியையும் எடுத்து, பிளாஸ்டிக் பாலிஷால் மெருகேற்றி, இறுதியில் கார்னௌபா மெழுகு இரண்டு பூச்சு. ரப்பர் வளையங்களை அதே வேலையில் மாற்றிவிடலாம். வெடித்த ரப்பரில் குண்டு துள்ளாது. ஓவியம் ஏற்கெனவே உதிரத் தொடங்கியிருந்தால் பாலிஷ்கூட வேண்டாம், மெழுகோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சாய்வையும் அளந்துவிட வேண்டும். பெட்டியை அல்ல, ஆட்டப் பலகையை. குறுக்கே ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திவிட்டு நீளவாக்கில் சாய்வு பார்க்கலாம். சிப் இல்லாத எந்திரங்களுக்கு 3.5 பாகை அளவு, பின்னால் வந்தவற்றுக்கு 6.5 வரை. 42 அங்குல நீளப் பலகையில் முதலாவதற்குப் பின்முனை 65 மி.மீ. உயர்ந்திருக்கும், இரண்டாவதற்கு ஏறத்தாழ 120 மி.மீ. சாய்வு குறைந்தால் ஆட்டம் சோம்பும். கூடினால் சோர்ந்த ஃபிளிப்பரால் குண்டை மேலே ஏற்ற முடியாது, காரணம் தெரியாமல் காயிலை மாற்றிக்கொண்டிருப்போம்.

கடைசியாகப் பின்கண்ணாடி. அதன் ஓவியம் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது. பல்புச் சூட்டிலும் ஈரத்திலும் சுருண்டு செதிலாய் உதிரும். அந்தப் பக்கத்தைத் துணியால் துடைக்கவே கூடாது, தூசி போக மென்மையான தூரிகை போதும். உதிரத் தொடங்கியதை நிறுத்த, நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை ஓவியத்தின் மேல் பல மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே காயவிட வேண்டும். முதலில் யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் அடித்து ஒருநாள் பார்த்த பிறகே முழுதும். ஒரே பூச்சாய்க் கனமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பானே ஓவியத்தைச் சுருட்டிவிடும். வேலை தொடங்கும் முன் நல்ல வெளிச்சத்தில் நேராக ஒரு படமும் எடுத்துவைக்க வேண்டும். உதிர்ந்துபோன எழுத்தைப் பின்னால் திரும்ப வரைய வேண்டியிருந்தால் அந்தப் படம்தான் துணை.